புதுப்பிப்பு: கையைக் கழுவியதும் இறங்கிய எண்

சர்க்கரை நோய்க்கான மாத்திரை தவறுவதில்லை, சாப்பாட்டிலும் கவனமாக இருக்கிறேன், ஆனாலும் வீட்டில் ரத்தச் சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டரில் எண்கள் தாறுமாறாக வருகின்றன என்று மூன்று மாதத்துக்கு முன் இங்கே புலம்பியிருந்தேன். "முதலில் சோதிக்கும் விதத்தைப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னார். அவருக்கு மனமார்ந்த நன்றி.

ஒரு மாலை மகளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு அப்படியே விரலைக் குத்தினேன். 238. பதறிப்போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மறுபடி பார்த்தால் 149! விரலில் ஒட்டியிருந்த பழச்சாறுதான் காரணம். கை ஈரமாக இருந்தாலும் ரத்தம் நீர்த்துப்போய் அளவு மாறும். ரத்தத் துளியை வைத்துச் சோதிக்கும் ஸ்டிரிப் டப்பாவை மூடாமல் வைத்ததும் என் தவறு. காற்றின் ஈரம் பட்டால் ஸ்டிரிப் கெட்டுவிடும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறையும்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடம் நடக்கவும் ஆரம்பித்தேன். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை அளவு 8.1லிருந்து 7.3க்கு வந்திருக்கிறது. அது இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவதால் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இன்சுலினோ, சர்க்கரையை மிகவும் இறக்கக்கூடிய மாத்திரையோ எடுப்பவர்கள் குளுக்கோஸ் இல்லாமல் வெளியே போகாதீர்கள். 70க்குக் கீழே இறங்கினால் உடனே 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். போன வாரம் நடந்துகொண்டிருந்தபோது கை நடுங்கி வியர்த்துக்கொட்டியது, அளவு 64. பையில் குளுக்கோஸ் இருந்ததால் தப்பித்தேன். டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார்.