பழைய பைபர் படகு: தளம் அமுங்குகிறது, டிரான்சத்தில் விரிசல். வாங்கலாமா?

கரையோரம்:
17 அடி நீளத்தில், 1970களில் செய்த பைபர் மீன்பிடிப் படகு ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. அணியம் உயர்ந்து, பக்கங்கள் வெளியே விரிந்து, தெறிக்கும் தண்ணீரை ஒதுக்கித் தள்ளும் அந்தப் பழைய வடிவம். பார்த்த அன்றே மனம் அதில் ஒட்டிக்கொண்டது, அதனால்தான் முடிவெடுக்கும் முன் உங்களைக் கேட்கிறேன்.

வெளி ஓடு திடமாகத் தெரிகிறது. ஜெல்கோட், அதாவது பைபரின் மேல் உள்ள பளபளப்புப் பூச்சு, வெளுத்துப்போய், தேய்த்தால் கையில் மாவு போல ஒட்டுகிறது. ஸ்டியரிங்குக்கு முன்னால் தளம் ஓரிடத்தில் கால் வைத்தால் அமுங்குகிறது. எஞ்சின் மாட்டும் பின்பலகையான டிரான்சத்தின் மேல் மூலையில் மயிரிழை போல இரண்டு விரிசல்கள். எஞ்சின் பழைய இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு, ஓடுகிறது. அமுங்கும் இடத்தை மட்டும் வெட்டி ஒட்டினால் போதும் என்கிறார் உரிமையாளர். எனக்கு மரவேலை கொஞ்சம் வரும், பைபர் வேலை செய்ததே இல்லை. வாங்கலாமா? வாங்கினால் எங்கே தொடங்குவது? பைபர் துணியை ஊறவைத்து இறுக்கும் ரெசின் எது வாங்குவது, பாலியஸ்டரா, எபாக்சியா?

துடுப்புக்காரர்:
ஜெல்கோட் வெளுத்ததற்குக் கவலைப்பட வேண்டாம், அது தேய்த்து மெருகேற்றினாலோ பெயின்ட் அடித்தாலோ சரியாகிவிடும். இந்த வயதுப் படகில் கெடுவது பைபர் இல்லை, பைபருக்குள் மூடி வைத்த மரம். டிரான்சத்தின் நடுவே பிளைவுட் இருக்கும், மொத்தம் ஒன்றரை அங்குலம் வரை. எஞ்சின் போல்ட், வடிகால் துளை, யாரோ எப்போதோ முடுக்கிய ஒரு சின்ன ஸ்குரூ, இப்படி ஏதோ ஒரு துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி கிடையாது. வெளித்தோல் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே மரம் ஈரக் காகிதம் மாதிரி ஆகியிருக்கும்.

பிளாஸ்டிக் சுத்தியலால் டிரான்சம் முழுக்கத் தட்டிப் பாருங்கள், நல்ல இடம் கணீரென்று கேட்கும், கெட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். அப்புறம் எஞ்சின் டிரான்சத்தில் மாட்டியபடியே, ஓடும் நிலைக்குத் தாழ்த்தி, அதன் அடிக்காலைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே, டிரான்சத்தின் மேல் விளிம்பு வளைகிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்தால் மரம் போய்விட்டது, அதில் சந்தேகமே இல்லை. இன்னும் உறுதி வேண்டுமென்றால் உரிமையாளர் அனுமதியுடன் உள்பக்கம், கீழ்ப்பகுதியில் சின்னத் துளை போட்டு, வரும் மரத்தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிர் நிறமாக உலர்ந்து வந்தால் நல்லது. கறுப்பாக, ஈரமாக, புளித்த வாடையோடு வந்தால் முழு டிரான்சமும் மாற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டே விலை பேசுங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் செய்வதில்லை: டிரெய்லரோடு எடை மேடையில் ஏற்றுங்கள். தளத்துக்கு அடியில் மிதப்புக்காக ஊற்றிய நுரை இருந்தால் அது பல வருடங்களில் தண்ணீர் குடித்திருக்கலாம். 200 லிட்டர் நுரை முழுக்க ஊறினால் ஏறக்குறைய 200 கிலோ கூடுகிறது. டிரெய்லர், எஞ்சின், எரிபொருள் எடையைக் கழித்து, அந்த மாடலுக்குச் சொல்லப்பட்ட எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரெசின்கை:
"அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டினால் போதும்" என்று நம்பித்தான் நானும் என் முதல் படகில் தளத்தை மட்டும் மாற்றினேன். அழகாக வந்தது. இரண்டாவது பருவத்திலேயே அலையில் அடிக்கும்போது அடித்தளம் துள்ளுவது காலில் தெரிந்தது, திறந்து பார்த்தால் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டைகள், அதாவது ஸ்டிரிஞ்சர்கள், உள்ளே வெறும் சேறு. நான் போட்ட புதுத் தளத்தை நானே கிரைண்டரால் அறுத்தேன். அந்த நாளை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. தளம் அமுங்கினால் அதன் கீழ் இருப்பதையும் கெட்டதாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு விஷயத்தைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள். தளமும் ஸ்டிரிஞ்சரும்தான் ஓட்டின் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றை ஒரே நாளில் பிடுங்கிவிட்டு, படகு டிரெய்லரின் இரண்டு உருளைகள் மேல் உட்கார்ந்திருந்தால் அடிப்பகுதி தொய்ந்துவிடும், அந்தத் தொய்வோடு புதுக் கட்டையை ஒட்டினால் படகு என்றைக்கும் கோணலாகவே ஓடும். ஓட்டின் வளைவுக்குப் பொருந்தும் தாங்கிகள் செய்து பல இடங்களில் முட்டுக் கொடுங்கள், குறுக்கே நூல் கட்டி மட்டம் பாருங்கள், ஒரு பக்க ஸ்டிரிஞ்சரை மாற்றி முடித்த பிறகு மறுபக்கம் போங்கள். பழைய கட்டைகளை எடுப்பதற்கு முன் ஒவ்வொன்றின் உயரம், இடைவெளி எல்லாம் அளந்து படம் எடுத்து வையுங்கள், அறுத்த பிறகு அளக்க ஒன்றும் மிஞ்சாது.

ஊறிய மரத்தில் துளை போட்டு ரெசின் ஊற்றினால் இறுகிவிடும் என்று சொல்பவர்கள் வருவார்கள். ஈர மரத்தில் ரெசின் பிடிக்காது. வெட்டி எடுப்பதுதான் வழி.

உப்புக்காற்று:
ரெசின் கேள்விக்கு வருகிறேன். இறுகி முடிந்த பழைய பைபர் மேல் புதிதாக ஒட்டும்போது எபாக்சியின் பிடிப்பு பாலியஸ்டரைவிட நன்றாக இருக்கும். டிரான்சம், ஸ்டிரிஞ்சர் இரண்டுக்கும் எபாக்சியே போடுங்கள். ஆனால் சாதாரண சாப்டு மேட், அதாவது நறுக்கிய இழைகளைப் பசையால் ஒட்டிய விரிப்பு, வாங்கிவிடாதீர்கள். அந்த மேட்டின் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரையும், எபாக்சியில் ஸ்டைரீன் இல்லாததால் விறைப்பாகவே நின்று மூலைகளில் படியாது. இழைகள் இரண்டு திசையில் 45 டிகிரியில் ஓடும்படி தைத்த பையாக்ஸியல் துணி கேளுங்கள்.

ஓட்டில் வெட்டிய இடத்தை அடைக்கும்போது விளிம்பைச் சரிவாக அரைக்க வேண்டும், தடிமனைப் போல 12 மடங்கு அகலம். 6 மி.மீ. தடிமனுக்கு 72 மி.மீ. சரிவு. இது அதிகமாகத் தோன்றும், குறைக்காதீர்கள். டிரான்சம் ஓட்டோடு சேரும் உள்மூலையில் சிலிக்கா கலந்து கெட்டியாக்கிய எபாக்சியை வளைவாக இழுத்து, அதன் மேல்தான் துணியைப் படியவிட வேண்டும். எபாக்சி இறுகியபின் மேலே மெழுகு போல ஒரு படிவம் வந்தால் தண்ணீரால் கழுவித் தேய்த்துவிட்டு அடுத்த அடுக்கு.

எபாக்சி வெயிலில் சிதையும், அதனால் மேலே பெயின்ட் கட்டாயம். அதன் மேல் ஜெல்கோட் சரியாகப் பிடிப்பதில்லை. இரண்டு பாகப் பாலியூரித்தேன் நன்றாக வரும், உருளையால் அடித்துப் பிரஷால் இழுத்தாலே போதும். ஸ்பிரே செய்யாதீர்கள், அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆபத்து. அரைக்கும்போதும் துணி முகமூடி போதாது, தூசி வடிகட்டி வைத்த ரப்பர் முகமூடியும், உடம்பு முழுக்க மூடும் உடையும் வேண்டும்.

எஞ்சினையும் சும்மா விடாதீர்கள். எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரெஷன், அதாவது உள்ளே எழும் அழுத்தம், அளந்து பாருங்கள், ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் யோசியுங்கள். கீழ்ப் பகுதி கியர் எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

கரையோரம்:
எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் போய்வந்தேன். டிரான்சத்தின் கீழ்ப் பாதி முழுக்க மந்தமாகவே கேட்டது, துளையிலிருந்து தேயிலைச் சக்கை மாதிரி வந்தது. எடை 160 கிலோ அதிகம். கம்ப்ரெஷன் மட்டும் சமமாக இருந்தது. மரத்தூளை உரிமையாளரிடமே காட்டினேன், கேட்ட விலையில் பாதிக்கும் குறைவாக இறக்கினார், வாங்கிவிட்டேன். தாங்கிகள் செய்யத் தொடங்கியிருக்கிறேன். புது டிரான்சம் போட்டபின் எஞ்சின் போல்ட் துளைகளில் மறுபடி தண்ணீர் புகாமல் என்ன செய்வது? சீலன்ட் மட்டும் போதுமா?

துடுப்புக்காரர்:
போதாது. போல்ட்டைவிடப் பெரிய துளை போட்டு, கெட்டியாக்கிய எபாக்சியால் முழுக்க அடைத்து, இறுகியபின் அதன் நடுவே போல்ட் அளவுக்குத் துளையுங்கள். அப்போது சீலன்ட் என்றாவது விட்டுக்கொடுத்தாலும் தண்ணீர் தொடுவது எபாக்சியை, மரத்தை இல்லை. வடிகால் துளைக்கும் இதையே செய்யுங்கள், அந்த இடத்தில்தான் பெரும்பாலும் முதலில் அழுகும். தளத்தைத் திறந்ததும் படம் போடுங்கள், ஸ்டிரிஞ்சர் நிலைமையைப் பார்த்துச் சொல்கிறேன்.