சிலிண்டர் 26 நாளில் தீர்கிறது, வழி சொல்லுங்கள்

செங்கோட்டையில் இருக்கிறோம். 14, 16 வயதுப் பிள்ளைகள் இருவரும் ஜூன் முதல் வீட்டிலேயே படிக்கிறார்கள். பெரியவன் என்ஐஓஎஸ் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) பத்தாம் வகுப்பு, ஏப்ரலில் தேர்வு. முன்பு 40 நாள் வந்த 14.2 கிலோ சிலிண்டர் இப்போது 26 நாளில் தீர்கிறது.

டியூபில் சோப்புநீர் தடவிப் பார்த்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. பர்னரைக் கழுவியாயிற்று, சுடர் நீலமாகத்தான் எரிகிறது. ஆரியங்காவுக் கணவாய்ப் பக்கக் காற்றில் சுடர் அலையாமல் இருக்கச் சன்னலையும் சாத்தினேன். இண்டக்ஷனில் சமைத்தால் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டி, கரண்ட் பில் எகிறுகிறது. பதினோரு மணிக்கே பசி என்று தட்டோடு வந்து நிற்கும் பிள்ளைக்குத் தோசை இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. தேர்வுக் கட்டணத்துக்கு வைத்திருந்த டப்பாவில் இருந்து 900 ரூபாய் எடுத்துவிட்டேன்.

நாள் முழுக்க நாலு பேரும் வீட்டில் இருக்கும் குடும்பத்தில், எதை மாற்றியபோது உங்களுக்கு கேஸ் செலவு குறைந்தது?