தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன படகில் ரேடார் சரியாகத் தெரியவில்லை: மேக்னட்ரான் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: இரவிபுத்தன்துறை ஸ்ராங்கு

அனைவருக்கும் வணக்கம். குமரி மாவட்டத் தேங்காப்பட்டணத்தில் நிற்கிற, பெரும்பாலும் கொச்சித் தோப்பும்படியில் மீன் இறக்குகிற ஒரு ஆழ்கடல் தூண்டில் படகில், ஜூலை 31 அன்று மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் ஸ்ராங்காக, அதாவது படகை நடத்துபவனாகச் சேர்ந்திருக்கிறேன். படகில் 24 வோல்ட்டில் இயங்குகிற, 4 கிலோவாட் உச்சத் திறனுள்ள, இரண்டடி டோம் (ஆன்டெனாவை மூடியிருக்கும் கூடு) வைத்த ரேடார் உள்ளது. முன்பு இருந்த ஸ்ராங்கு பெரிய சரக்குக் கப்பல்களைப் பன்னிரண்டு கடல் மைலிலேயே பார்த்துவிடுவாராம். இப்போது அதே அளவுள்ள கப்பல் நான்கு மைலுக்குள் வந்த பிறகுதான் திரையில் புள்ளியாகத் தெரிகிறது.

வேறு குறைகளும் இருக்கின்றன. இரவில் தூண்டில் இறக்கிவிட்டு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மேல்தட்டு விளக்குகளையும் எரியவிட்டிருக்கும்போது அலையை அனுப்பத் தொடங்குகிற டிரான்ஸ்மிட் பொத்தானை அழுத்தினால், திரை அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. ஒரு மைலுக்குள் கண்ணுக்குத் தெரிகிற வள்ளங்கள் திரையில் தெரிவதில்லை. நேர் முன்னால் நிற்கிற கப்பல், திரையில் தலைக்கோட்டுக்கு (படகின் மூக்கு நோக்குகிற திசையைக் காட்டும் கோடு) சற்று இடப்புறமாகக் காட்டுகிறது.

துறைமுகத்தில் பழுது பார்க்கிற ஒருவர் வீல்ஹவுஸில் நின்று திரையை மட்டும் பார்த்துவிட்டு, ரேடார் அலையை உண்டாக்குகிற மேக்னட்ரான் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். முதலாளி பணம் தர ஒப்புக்கொள்கிறார். ஆனால் அது படகுச் செலவில் கழிந்து எங்கள் அனைவரின் பங்கிலும்தான் விழும். விழிஞ்ஞம் துறைமுகம் 2024 டிசம்பரில் வணிக முறையில் இயங்கத் தொடங்கியதிலிருந்து எங்கள் கரைக்கு எதிரே கொள்கலன் கப்பல்கள் திரும்புவதும் காத்துக் கிடப்பதும் கூடிவிட்டதால், இதை அப்படியே விட்டுவிடவும் மனமில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி 1: தோப்பும்படியில் மின்னணுக் கருவிகள் பழுதுபார்ப்பவர்

தம்பி, நீங்கள் எழுதியிருப்பது ஒரு பழுது அல்ல, நான்கு பழுதுகள். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி மேக்னட்ரான் தலையில் ஏற்றுவது பழுது பார்ப்பவருக்கு வசதி, படகுக்கு நட்டம். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

திரை அணைந்து எழுவது மின்சாரத்தின் குறை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டர் போதிய மின்சாரம் தருவதில்லை; விளக்குகள் பேட்டரியை இழுத்துக்கொண்டிருக்கின்றன; அந்த வேளையில் டிரான்ஸ்மிட் கொடுத்தால் மின்னழுத்தம் கருவி தாங்கும் எல்லைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. பேட்டரி முனையில் மீட்டர் வைத்துப் பார்த்து "24 இருக்கிறது" என்று சொல்வதில் பயனில்லை. ரேடார் திரையின் பின்னால் மின்சாரம் நுழைகிற இடத்தில், அதே இரவு நேரத்துச் சுமையுடன், டிரான்ஸ்மிட் ஓடும்போது அளக்க வேண்டும். மூன்று ஆம்பியர் ஓடுகிற கம்பியில் பச்சைக் களிம்பு பிடித்த ஒரு இணைப்பு ஒரு ஓம் தடை காட்டினாலே மூன்று வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். தடைக்காலத்தில் மாஸ்ட்டைக் கழற்றி மாட்டியிருந்தால், எங்கோ கம்பியை முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். அந்த இடத்தைத் தேடுங்கள்.

பக்கத்து வள்ளங்கள் தெரியாதது பெரும்பாலும் அமைப்பின் குறை. சீ கிளட்டர் என்கிற பொத்தான், அருகிலிருந்து வருகிற எதிரொலியை மட்டும் அடக்கி, தூரம் போகப் போக அந்த அடக்குதலைக் குறைத்துக்கொண்டே போகும். கச்சான் காற்றில் கடல் கொந்தளிக்கும்போது யாரோ அதை மேலே ஏற்றி வைத்து, காற்று அடங்கிய பின்னும் இறக்காமல் விட்டிருப்பார்கள். அலையோடு சேர்ந்து வள்ளமும் அழிந்துபோகிறது. முதலில் சீ கிளட்டரையும் மழைக்கான ரெயின் கிளட்டரையும் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். திரைப் பின்னணியில் மெல்லிய புள்ளிகள் தூவினாற்போல் தெரிகிற வரை, வருகிற எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் கெயினை ஏற்றுங்கள். அதன் பிறகு, அலைப்புள்ளிகள் முழுதும் மறையாமல் சற்று மிச்சம் இருக்கிற அளவுக்கு மட்டும் சீ கிளட்டரைக் கூட்டுங்கள். திரையைப் பளிச்சென்று துடைத்து வைத்தால் அழகாக இருக்கும். வள்ளமும் அதில் போய்விடும்.

தலைக்கோடு விலகியிருப்பது, டோமைத் திரும்ப மாட்டும்போது சற்றுத் திருகி மாட்டியதால் வந்திருக்கும். நங்கூரமிட்டு நிற்கிற ஒரு கப்பலுக்கு நேராகப் படகின் மூக்கைப் பிடித்து, திரையில் எத்தனை பாகை விலகுகிறது என்று பார்த்து, கருவியின் அமைப்புப் பட்டியலில் உள்ள தலைக்கோட்டுத் திருத்தத்தில் அதைச் சரி செய்யலாம். திரையில் சின்னப் புள்ளியாகத் தெரிகிற இலக்காகப் பாருங்கள். முட்டம் போன்ற கரைமுனை இதற்கு உதவாது.

பன்னிரண்டு மைல் நான்காகக் குறைந்ததுதான் உண்மையில் யோசிக்க வேண்டிய பழுது. கருவியில் டிரான்ஸ்மிட் ஓடிய மொத்த நேரத்தைக் காட்டும் பக்கம் இருக்கும். மேக்னட்ரான் எவ்வளவு உழைத்திருக்கிறது என்பது அதில் தெரியும்; பார்த்துச் சொல்லுங்கள்.

மறுமொழி 2: வள்ளவிளை, சரக்குக் கப்பல் மின்–தொழில்நுட்ப அதிகாரி

அண்ணன் சொன்னதோடு ஒரு கணக்கையும் சேர்க்க விரும்புகிறேன். ரேடார் ஒரு பொருளைக் காணும் தூரம், அனுப்பும் திறனின் நான்காம் மூலத்தைப் பொறுத்தது. மேக்னட்ரான் கிழடு தட்டி, அதன் திறன் சரிபாதியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் தூரம் ஏறத்தாழ 16 விழுக்காடுதான் குறையும். பன்னிரண்டு மைல் பத்தாகும், அவ்வளவுதான். பன்னிரண்டு நான்காக வேண்டுமானால், திரும்பி வருகிற எதிரொலி எண்பத்தொன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்க வேண்டும். அந்த அளவுக்கு மெலிந்த மேக்னட்ரான் ஒழுங்காகத் துடிப்பதே அரிது.

அடிவானத்தின் மேலும் பழியைப் போட முடியாது. மீட்டரில் உயரங்களின் வர்க்கமூலங்களைக் கூட்டி 2.2 ஆல் பெருக்கினால் ரேடார் அடிவானம் கடல் மைலில் கிடைக்கும். உங்கள் டோம் ஆறு மீட்டர் உயரத்திலும் கப்பலின் மேற்கட்டு முப்பத்தாறு மீட்டர் உயரத்திலும் இருந்தால் அது பதினெட்டு மைலைத் தாண்டும்.

எனவே இரண்டு இடங்களில் சந்தேகப்படுகிறேன். ஒன்று, டியூனிங். பெறுகிற பகுதி மேக்னட்ரானின் அலைவெண்ணிலிருந்து விலகி நின்றால் தூரத்து எதிரொலிகள்தான் முதலில் மறையும். கருவி சூடேறிப் பத்துப் பதினைந்து நிமிடம் டிரான்ஸ்மிட்டில் ஓடிய பின், 12 அல்லது 24 மைல் அளவில் வைத்து, தானியங்கி டியூனிங்கை நிறுத்தி, கையால் மெல்லத் திருகிப் பாருங்கள். நம் கரைக்கு ஒரு வசதி உண்டு: மருந்துவாழ் மலையும் அதற்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலையும் எப்போதும் நிலையான எதிரொலி தரும். அவை எந்த இடத்தில் மிகுந்த தடிப்புடன் தெரிகின்றனவோ அதுவே சரியான டியூனிங். அலையை வைத்தோ ஓடுகிற கப்பலை வைத்தோ இதைச் செய்தால் ஏமாந்துபோவீர்கள்.

மற்றொன்று டோம். அதன் மேல் எது படிந்திருந்தாலும் அலை போகும்போது ஒருமுறையும் திரும்பும்போது ஒருமுறையுமாக இரண்டு தடவை இழப்பு நேரும். போகும்போது ஒன்பதில் ஒரு பங்கும், வரும்போது அதிலும் ஒன்பதில் ஒரு பங்கும்தான் மிஞ்சுகிறது என்றால் சரியாக எண்பத்தொன்றில் ஒரு பங்கு வந்துவிடுகிறது. தடைக்காலத்தில் மாஸ்ட்டுக்கு என்ன பெயின்ட் அடித்தார்கள் என்று விசாரியுங்கள். மேலே ஏறுவதற்கு முன் ரேடாரின் பிரேக்கரை அணைத்து, ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். கீழே யாராவது அறியாமல் பொத்தானை அழுத்திவிடக் கூடாது. டோமைத் திறக்க வேண்டாம். உள்ளே உள்ள மின்தேக்கிகள், அணைத்த பிறகும் உயர் மின்னழுத்தத்தைச் சிறிது நேரம் பிடித்து வைத்திருக்கும்.

மறுமொழி 3: சின்னத்துறை

எங்கள் படகில் இப்படி ஆனபோது கெயினை முழுதாக ஏற்றிவிட்டோம், எல்லாம் தெரிந்தது. அதையே செய்து பார்க்கலாமே?

மறுமொழி 4: தோப்பும்படியில் மின்னணுக் கருவிகள் பழுதுபார்ப்பவர்

அப்படிச் செய்தால் திரை நிறைய வெள்ளைப் புள்ளிகள் தெரியும்; அவற்றுள் கப்பல் எது, இரைச்சல் எது என்று பிரிக்க முடியாது. ஆயினும் கெயினை ஏற்றியதும் புள்ளிகள் பெருகுகின்றன என்பதிலிருந்து ஒன்று தெரிந்துகொள்ளலாம்: பெறுகிற பகுதி செத்துப்போகவில்லை. சோதனைக்கு மட்டும் அது உதவும்.

கேட்டவரின் பதில்: இரவிபுத்தன்துறை ஸ்ராங்கு

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்ன வரிசையிலேயே பார்த்தோம். திரையின் பின்புறம் இரவுச் சுமையோடு அளந்தபோது, ஸ்டாண்ட்பையில் 23.8 வோல்ட் இருந்தது. டிரான்ஸ்மிட் கொடுத்ததும் 20.5க்கு இறங்கித் திரை அணைந்தது. வீல்ஹவுஸ் பலகைக்குப் பின்னால், அண்ணன் சொன்னபடியே முறுக்கி டேப் சுற்றிய ஒரு இணைப்பு கிடைத்தது. கையில் எடுத்ததும் பச்சைப் பொடியாக உதிர்ந்தது. அந்த இணைப்பையே நீக்கிவிட்டு, பேட்டரியிலிருந்து திரை வரை வெள்ளீயம் பூசிய ஒரே கம்பியாகத் தனி ஃபியூஸுடன் இழுத்துவிட்டோம். இப்போது திரை அணைவதில்லை. சீ கிளட்டரை இறக்கியதும் வள்ளங்களில் பலவும் தெரியத் தொடங்கின. தலைக்கோடு ஐந்து பாகை விலகியிருந்தது, திருத்திவிட்டோம்.

டியூனிங்கைத் திருகியதில் மலைகள் சற்றுத் தடித்தன. கப்பல்கள் மட்டும் ஐந்து மைலுக்கு மேல் வரவில்லை. டிரான்ஸ்மிட் நேரம் ஆயிரம் மணியைக்கூட எட்டவில்லை. பிறகு மாஸ்ட்டில் ஏறிப் பார்த்தபோது விடை கிடைத்தது. நான் சேர்வதற்கு முன்பு, தடைக்காலத்தில், மாஸ்ட்டுக்கு அலுமினிய சில்வர் பெயின்ட் அடித்தவர்கள், மஞ்சளித்துப் போயிருந்த டோமுக்கும் அதையே இரண்டு கோட்டிங் அடித்திருக்கிறார்கள். கீழிருந்து பார்த்தால் புதியது போலப் பளபளக்கிறது. இதைத் தின்னர் போட்டுத் துடைத்து எடுக்கலாமா?

மறுமொழி 5: வள்ளவிளை, சரக்குக் கப்பல் மின்–தொழில்நுட்ப அதிகாரி

தின்னர் வேண்டவே வேண்டாம். அது டோமின் பிளாஸ்டிக்கையும் இளக்கி, மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். அவற்றின் வழியே உப்புநீர் உள்ளே இறங்கினால் அப்போது உண்மையாகவே மேக்னட்ரான் வாங்க வேண்டி வரும். உலோகத்தூள் கலந்த பெயின்ட் அலையைத் திருப்பி அடித்துவிடுவதால், மெல்லிய ஒரு படலம் மிஞ்சினாலும் குறை முழுதும் தீராது. மேல்மூடியை மட்டும் தனியாக மாற்ற முடியும். கொச்சியில் பழைய கருவிகளிலிருந்து கழற்றிய நல்ல மூடிகள் கிடைப்பதுண்டு. மேக்னட்ரான் விலையோடு பார்த்தால் அது சிறு செலவு. மாற்றும்போது ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். இனிமேல் உப்பையும் புகைக்கரியையும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைப்பதே போதும்.

இடையில் ஒரு கேள்வி: பொழியூர், ஃபைபர் வள்ளம்

எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்துப் பொழியூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வள்ளத்தில் ரேடார் கிடையாது. உங்கள் திரையில் நாங்கள் தெரிய வேண்டுமானால் என்ன செய்வது? ஒரு கம்பில் தகரத் தகடு கட்டி வைத்திருக்கிறோம்.

மறுமொழி 6: தோப்பும்படியில் மின்னணுக் கருவிகள் பழுதுபார்ப்பவர்

ஃபைபர் அலையைப் பெரிதும் உள்ளே விட்டுவிடுகிறது. உங்கள் வள்ளத்தில் எதிரொலி தருவது பெரும்பாலும் பின்னால் உள்ள எஞ்சின்தான். தட்டையான தகடு, ரேடாருக்குச் செங்குத்தாக நேர் எதிரே நிற்கிற நொடியில் மட்டும் பளிச்சென்று தெரியும். வள்ளம் சற்று ஆடினாலும் அலை வேறு திசைக்குப் போய்விடும். மூன்று தகடுகளை ஒன்றுக்கொன்று நேர்கோணத்தில், அறையின் மூலையில் இரு சுவரும் தரையும் சேர்வதைப் போல இணைத்தால், எந்தச் சாய்விலிருந்து வந்த அலையையும் அது வந்த வழியிலேயே திருப்பி அனுப்பும். அத்தகைய மூலைகள் எட்டு சேர்ந்ததுதான் கடைகளில் விற்கிற ரேடார் ரிஃப்ளெக்டர். அலுமினியத் தகட்டில் நீங்களே செய்துகொள்ளலாம், ஆனால் கோணம் பிசகக் கூடாது. ஓரிரு பாகை மாறினாலும் பலன் வெகுவாகக் குறையும். முடிந்த மட்டும் உயரத்தில் கட்டுங்கள். இருந்தாலும் கப்பல்காரர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று நம்பி விளக்கை அணைத்துப் படுத்துவிடாதீர்கள். கனத்த மழையில் 3 செ.மீ. அலைநீளமுள்ள ரேடாரில் ரிஃப்ளெக்டரும் மழைக்குள் மறைந்துபோகும்.

கேட்டவரின் பதில்: இரவிபுத்தன்துறை ஸ்ராங்கு

மேல்மூடி மாற்றியாகிவிட்டது. விழிஞ்ஞத்துக்குத் திரும்பிய ஒரு கொள்கலன் கப்பலைப் பதின்மூன்று மைலில் பிடித்தோம். மேக்னட்ரான் பழையதேதான்.

ஒரு சந்தேகம் மட்டும் மிஞ்சுகிறது. பின்பக்கம் வலப்புறத்தில் ஒரு திசையில் மட்டும் எதுவும் தெரிவதில்லை. புகைக்குழாயைத் தடைக்காலத்தில் உயர்த்தி வைத்திருக்கிறார்கள். அதுதான் மறைக்கிறதா?

மறுமொழி 7: வள்ளவிளை, சரக்குக் கப்பல் மின்–தொழில்நுட்ப அதிகாரி

அதுவாகவே இருக்கலாம். உறுதி செய்ய எளிய வழி உண்டு: கடல் சற்றுக் கொந்தளிப்பாக இருக்கும் நாளில், சீ கிளட்டரைச் சுழியத்தில் வைத்து, ஒன்றரை மைல் அளவில் பாருங்கள். படகைச் சுற்றி அலைப்புள்ளிகள் வட்டமாக நிறையும். மறைக்கப்பட்ட திசையில் மட்டும் கருப்பான ஒரு கீற்று விழும். கீற்றின் இரு ஓரங்களிலும் திசைக்கோட்டை வைத்துப் பாகையைக் குறித்து, அந்த எண்களை வீல்ஹவுஸில் திரைக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். உங்களுக்குப் பின் காவல் இருப்பவரும் அதைப் பார்க்கட்டும். டோமைக் குழாயின் உச்சிக்கு மேலே ஏற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு. அதற்கு மாஸ்ட்டை நீட்ட வேண்டியிருக்கும் என்பதால் அடுத்த ஜூன் மாதத் தடைக்காலம் வரை பொறுத்துக்கொள்ளலாம். அதுவரை, தூண்டில் இறக்கிவிட்டு மிதந்து கிடக்கும் நேரங்களில் இடையிடையே படகின் மூக்கை இருபது பாகை திருப்பி, அந்தக் கீற்றுக்குள் கப்பல் ஏதும் ஒளிந்து வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். படகுக்கு நேராக வருகிற கப்பல் ஒரே திசையில்தான் நிற்கும். அது அந்தக் கீற்றுக்குள் விழுந்துவிட்டால் கடைசி வரை திரையில் தெரியவே தெரியாது. ஆகவே அந்தப் பக்கத்துக்கு ஓர் ஆளைக் கண்ணால் பார்க்க நிறுத்துங்கள்.