இறக்குமதியால் வேலை போனால்தான் உதவியா?

தறிநாடா:
அமெரிக்காவில் வெளிநாட்டு இறக்குமதியால் வேலை இழக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கென்று 1962 முதல் தனி உதவித் திட்டம் இருந்தது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நீட்டிக்காததால் 2022 ஜூலை 1 முதல் புது மனுக்களுக்கு ஒப்புதல் கிடையாது. அதை அதே இறக்குமதி நிபந்தனையோடு மீண்டும் கொண்டுவர வேண்டும் என்பேன். சுங்கவரியைக் குறைக்கக் கையெழுத்துப் போட்டது அரசு. நாடு முழுக்க மலிவான துணி வந்தது, வேலை போனது சில ஊர்களுக்கு. வட கரோலினாவின் கன்னாபொலிஸில் 2003 ஜூலையில் பில்லோடெக்ஸ் என்ற துணி ஆலை நிறுவனம் மூடியபோது அந்த வட்டாரத்தில் மட்டும் 4,000 பேருக்கு மேல் தெருவில் நின்றார்கள். அவர்களுக்கு அரசு கடன்பட்டிருக்கிறது.

நேர்கோடு:
கடன்பட்டது சரிதான் நண்பரே, ஆனா அதை நிரூபிக்கிற பாரம் யார் தலையில விழுது? தொழிலாளிங்க சேர்ந்து மனுப் போடணும். விற்பனையோ உற்பத்தியோ குறைஞ்சிருக்கணும், அதே மாதிரிச் சரக்கோட இறக்குமதி கூடியிருக்கணும், ஆட்குறைப்புல அதுக்கு முக்கியப் பங்கு இருக்கணும். இந்தக் கணக்கெல்லாம் நிர்வாகத்துக்கிட்டதான் இருக்கு. பக்கத்து ஆலையில ரோபோ வந்து வேலை போனவருக்கு ஒண்ணுமே இல்லை. அவர் செஞ்ச தப்பு என்ன?

மனுக்காகிதம்:
ஒரு திருத்தம் சொல்கிறேன். தொழிலாளி எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. மனு ஒரு சிறிய படிவம்தான். நிறுவனத்திடமும் அதன் வாடிக்கையாளர்களிடமும் கணக்குக் கேட்டு விசாரிப்பது தொழிலாளர் துறையின் வேலை. மற்றக் காரணங்களைவிட இறக்குமதி பெரிய காரணமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை, 1974 சட்டமே அப்படிச் சொல்கிறது. 1962 சட்டம்தான் கடுமையானது. 1969 வரை ஒரு தொழிலாளர் மனுகூடத் தேறவில்லை.

எனக்கு மனம் பொறுக்காதது ஓராண்டுக் கெடு. மனுத் தேதிக்கு ஓராண்டுக்கு முன்பே நீக்கப்பட்டவருக்கு உதவி கிடையாது. எந்த ஆலையும் ஒரே நாளில் மூடுவதில்லை. முதலில் ஒரு ஷிப்ட் போகும், அப்புறம் ஒரு பிரிவு போகும். கடைசி ஆள் வெளியே வந்து மனுப் போடும் நேரத்தில், முதலில் போனவர்களுக்குக் கெடு முடிந்திருக்கும்.

தறிநாடா:
அந்தக் கெடுவை நீட்டலாம், மறுக்கவில்லை. ஆனால் நேர்கோடு சொல்வதுபோல் எல்லோருக்கும் என்று விரித்தால் அது சாதாரண வேலையில்லாப் படியாகக் கரைந்துவிடும். பெரும்பாலான மாநிலங்களில் அது அதிகபட்சம் 26 வாரம். இந்தத் திட்டத்தில் பயிற்சிக் கட்டணம் கிடைத்தது, பயிற்சிக் காலத்தில் வருமானமும் கிடைத்தது. 50 வயதைத் தாண்டியவர் குறைந்த சம்பளத்துக்குப் போனால் வித்தியாசத்தில் பாதி, இரண்டு ஆண்டுகளில் 10,000 டாலர் வரை கிடைத்தது. இவ்வளவையும் எல்லோருக்கும் தரக் காங்கிரஸ் பணம் ஒதுக்குமா?

நேர்கோடு:
அந்தப் பயிற்சியால என்ன கிடைச்சுது? தொழிலாளர் துறைக்காக மேத்தமேடிகாங்கிற ஆய்வு நிறுவனம் 2012-ல கொடுத்த மதிப்பீட்டைப் பாருங்க. திட்டத்துல சேர்ந்தவங்க முதல் நாலு வருஷம், அதே மாதிரி வேலை போயும் சேராதவங்களைவிடக் குறைவாத்தான் சம்பாதிச்சிருக்காங்க.

மனுக்காகிதம்:
அந்த நாலு வருஷத்தில் பெரும்பகுதி படிப்பில் கழிந்திருக்குமே! பெஞ்சமின் ஹைமன் என்ற பொருளியலாளர் பத்து ஆண்டுகளைப் பார்த்தார். விசாரணை அதிகாரிகளில் சிலர் தாராளமாக ஒப்புதல் தருவார்கள், சிலர் கறார். அந்த வேறுபாட்டை வைத்தே ஒப்பிட்டு, ஒப்புதல் பெற்றவர்கள் பத்தாண்டில் மொத்தம் சுமார் 50,000 டாலர் கூடுதலாகச் சம்பாதித்ததாகக் கணக்கிட்டார்.

நேர்கோடு:
நீங்க எடுத்துக் கொடுத்த ஆய்வே என் பக்கம்தான் பேசுது. தாராளமான அதிகாரி மேசைக்குப் போன மனு தேறும், கறாரானவர்கிட்ட போனா தேறாதுன்னா, அங்க அளக்கப்பட்டது இறக்குமதியா? ஒரு குடும்பத்தோட 50,000 டாலர் அதுல தொங்குது.

தறிநாடா:
இது என்னை யோசிக்க வைக்கிறது. மறுக்கப்பட்டவர் அமெரிக்காவின் சர்வதேச வர்த்தக நீதிமன்றம்வரை போகலாம்தான், ஆனால் வேலை போனவரிடம் அதற்குத் தெம்பு ஏது? அதிகாரிகளுக்கு ஒரே அளவுகோல் கட்டாயம் வேண்டும். நிபந்தனையையே எடுத்துவிடச் சம்மதிக்க மாட்டேன். இன்னொன்று: திட்டம் திரும்பி வந்தாலும், ஓராண்டுக் கெடு அப்படியே இருந்தால் 2022-க்குப் பிறகு வேலை இழந்தவர்களில் பலர் வெளியே நிற்பார்கள். அவர்களையும் சேர்க்கிற மாதிரி சட்டத்தில் எழுதியாக வேண்டும்.

நேர்கோடு:
எழுதட்டும். அதே பக்கத்துல ரோபோவால வேலை போனவரையும் எழுதட்டும்.