கச்சா எண்ணெய் இருந்தும் பெட்ரோல் இறக்குமதி ஏன்?

இளவேனில்:
நைஜீரியாவில் அரசின் நான்கு ஆலைகளும் சேர்ந்தால் நாளுக்கு 4,45,000 பீப்பாய் சுத்திகரிக்க முடியும். ஆனாலும் பல ஆண்டுகள் பெட்ரோல் கப்பலில்தான் வந்தது. ஆலை மட்டும் இருந்தால் போதாதா?

வடிகலன்:
போதாது. கச்சா எண்ணெயைச் சுமார் 350 டிகிரிக்குச் சூடாக்கி வடித்தால் கிடைப்பது நாப்தா, மண்ணெண்ணெய், டீசல், கசடு. அந்த நாப்தாவின் ஆக்டேன், அதாவது எஞ்சினில் நேரத்துக்கு முன் தானாகப் பற்றாமல் தாங்கும் திறன், குறைவு. அப்படியே வண்டிக்குப் போட்டால் எஞ்சின் தட்டும். கந்தகத்தை நீக்கி, ஆக்டேனை உயர்த்தும் ரிஃபார்மர் என்ற அலகில் பிளாட்டினம் வினையூக்கி வழியாகச் செலுத்தினால்தான் பெட்ரோலுக்கு ஆகும். அடியில் தங்கும் கசடை உடைக்கத் தனி அலகு வேண்டும். அது பழுதானால் கசடு மலிவான உலை எண்ணெயாகத்தான் விலைபோகும், ஆலை நட்டத்தில் விழும். கச்சாவிலுள்ள உப்பை நீக்கும் முதல் படியை அலட்சியம் செய்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உருவாகி, கச்சாவை வடிக்கும் கோபுரமான வடிகலனின் மேற்பகுதிக் குழாய்களை அரித்துவிடும். சில ஆண்டுகளுக்கொருமுறை முழு ஷட்டவுன் எடுத்துப் பழுதுபார்க்காத ஆலை நிலைக்காது.

கணக்கன்:
அந்த ஷட்டவுனுக்குப் பணம் எங்கிருந்து வரும்? பம்பில் விலையை அரசு அடக்கி வைத்தால் ஆலைக்கு மிச்சமே இருக்காது. 2023 மே மாதம் மானியம் நிறுத்தப்படும்வரை அங்கே நிலைமை அதுதான். அந்த நான்கில் ஒன்றான கடூனா ஆலை கடலோரத்திலிருந்து வெகுதூரம். குழாய் உடைக்கப்பட்டால் எண்ணெய் வரத்து நின்றுவிடும். அதன் மசகெண்ணெய்ப் பிரிவுக்கோ கனமான வெளிநாட்டுக் கச்சாவே தேவைப்பட்டது. எண்ணெய் நாடே எண்ணெய் வாங்கியது!

இளவேனில்:
நைஜீரியாவில் தனியாரின் டாங்கோடே ஆலை வந்தபின்?

கணக்கன்:
நாளுக்கு 6,50,000 பீப்பாய், ஒரே வடிகலன் வரிசை. 2024 ஜனவரியில் டீசல், செப்டம்பரில் பெட்ரோல். ஆனால் உள்நாட்டுக் கச்சா போதாமல் அமெரிக்காவிலிருந்தும் வாங்கியது. ஆலைக்கு முன்பே கச்சா ஒப்பந்தத்தையும் அதன் நாணயத்தையும் முடிவுசெய்ய வேண்டும். ஆலைக்குக் கச்சாவை நைஜீரிய நாணயமான நைராவில் விற்கும் ஏற்பாடு 2024 அக்டோபரில்தான் தொடங்கியது. கட்டும்போது ஆயிரக்கணக்கானோருக்கு வேலை. ஓடும்போது அதில் சிறு பங்குதான். வேலை பெருக வேண்டுமென்றால் பாலிபுரொப்பிலீன், உரம் என்று அடுத்தடுத்த தொழில்கள் வர வேண்டும்.

வடிகலன்:
சின்ன ஆலையும் பிழைக்கும், கடலிலிருந்து தூரமாக இருந்தால். நைஜீரியாவின் அண்டை நாடான நைஜரின் ஜிண்டர் ஆலை நாளுக்கு 20,000 பீப்பாய்தான், 2011இல் தொடங்கியது. அகாடெம் வயலிலிருந்து குழாயில் கச்சா வருகிறது. இறக்குமதிப் பெட்ரோலுக்கு லாரி வாடகை ஏறுவதால் அதுவே ஆலைக்கு வேலி. கடற்கரையில் அதே அளவில் கட்டினால் பெரிய ஆலைகளின் விலைக்கு ஈடுகொடுக்க முடியாது.