நீராவி அச்சு வந்தும் ஆங்கில நாவல் விலை இறங்காதது ஏன்?

கேள்வி:
லண்டனில் 1814-லேயே நீராவி அச்சு ஓடத் தொடங்கிவிட்டது. அப்படியும் புது நாவல் மூன்று தொகுதி, 31 ஷில்லிங் 6 பென்ஸ் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங்) என்று 1890கள் வரை நீடித்தது எப்படி? தொழிற்புரட்சி வாசிப்பை மலிவாக்கியது என்பது பாதி உண்மைதானா?

பதில் 1:
இயந்திரத்தை மட்டும் பார்த்தால் கணக்கு உதைக்கும். கையச்சில் மணிக்குச் சுமார் 250 தாள். டைம்ஸ் பத்திரிகையின் நீராவி அச்சில் 1,100. ஆனால் 1815-க்குப் பிறகு அந்தப் பத்திரிகையின் விலை 7 பென்ஸ், அதில் முத்திரை வரியே, அதாவது ஒவ்வொரு பிரதிக்கும் அரசு விதித்த வரியே, 4 பென்ஸ். பிரெஞ்சுப் புரட்சியைப் பார்த்து மிரண்ட அரசு, கூலிக்காரன் கையில் செய்தி போவதை விரும்பவில்லை. பீட்டர்லூ படுகொலைக்குப் (மான்செஸ்டரில் சீர்திருத்தம் கேட்டுக் கூடியவர்கள் மீது குதிரைப்படை பாய்ந்த சம்பவம்) பின் 1819-இல் வந்த சட்டம் இன்னும் இறுக்கியது: 6 பென்ஸுக்குக் குறைந்த விலையில், 26 நாளுக்குள் அடுத்த இதழ் வரும் அரசியல் ஏடுகளும் வரிக்குள் சிக்கின. முத்திரை வரி 1836-இல் 1 பென்னியாகி, 1855-இல் ஒழிந்தது. காகித வரி 1861-இல்.

பதில் 2:
பத்திரிகைக்கு அது சரி. நாவலுக்கு முடிச்சு இருப்பது சந்தா கட்டிப் புத்தகம் எடுக்கும் வாடகை நூலகத்தில். அவற்றில் பெரியதான மியூடி நூலகத்தில் ஆண்டுச் சந்தா 1 கினி, அதாவது 21 ஷில்லிங். ஒரு சமயத்தில் ஒரு தொகுதி எடுக்கலாம். ஒரே நாவலின் விலை ஆண்டுச் சந்தாவையே தாண்டும்போது யார் காசு கொடுத்து வாங்குவார்? மூன்றாகப் பிரித்தால் ஒரு பிரதி ஒரே நேரத்தில் மூன்று வீட்டில் இருக்கும். நூலகத்துக்குத் தள்ளுபடி, பதிப்பாளருக்கு நிச்சயமான விற்பனை. அவஸ்தை எழுத்தாளருக்குத்தான்: சரக்கு இரண்டு தொகுதிக்கே இருந்தாலும் மூன்றை நிரப்பியாக வேண்டும். அந்தக் கால நாவல்களில் நடுத்தொகுதி தொய்வதைக் கவனித்திருப்பீர்கள். 1894-இல் மியூடியும் இன்னொரு பெரிய வாடகை நூலகமான ஸ்மித்தும் தொகுதிக்கு 4 ஷில்லிங்குக்கு மேல் தரமாட்டோம் என்றார்கள். சில ஆண்டுகளில் அந்த வடிவமே போய்விட்டது, 6 ஷில்லிங் ஒற்றைத் தொகுதி வந்தது.

பதில் 3:
நாவலை மாதாமாதம் தனித்தனி இதழாக விற்ற மாதப் பகுதிகளை விட்டுவிட்டீர்களே! டிக்கன்ஸின் பிக்விக் நாவல் (1836–37) பகுதிக்கு 1 ஷில்லிங். சீக்கிரமே 32 பக்கம், 2 படம் என்று நிலைத்தது. 19 இதழ், கடைசி இதழ் மட்டும் இரட்டைப் பகுதி, ஆகமொத்தம் 20 ஷில்லிங். மூன்று தொகுதி நாவலைவிட மலிவு, அதுவும் தவணையில். பக்கக் கணக்கு கறாரானது: கூடினால் அச்சுப்படியில் வெட்டு, குறைந்தால் இட்டு நிரப்பு. 2 பென்ஸ் வார இதழில் இன்னும் மோசம். 1854-இல் அப்படியொரு இதழுக்கு ஹார்ட் டைம்ஸ் நாவலை எழுதும்போது இடம் போதவில்லை என்று அவரே புலம்பினார்.