மறு: ‘போன் டர்ன்ஓவர் மார்க்கர்’ தமிழில்

> ‘எலும்புப் புதுக்கக் குறிப்பான்’ போதுமே? சுருக்கமாகவும் இருக்கிறது.

ஐயா, வணக்கம்.

எலும்பு எவ்வளவு வேகமாகச் சிதைந்து மறுபடி உருவாகிறது என்று காட்டும் சோதனைகளுக்கு அந்தப் பெயர் சுருக்கம்தான். ஆனால் தைராய்டு நோயாளியின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் ‘புதுக்கம்’ இடறுகிறது. வெள்ளையடித்த வீடு போல நல்ல சேதி மட்டும் சொல்கிறது. பழைய சுவரைக் கொத்திவிட்டுப் பூசும் வேலையை நினைத்துக்கொள்ளுங்கள். எலும்பிலும் இப்படித்தான் பழையது கரைந்து புதியது உருவாகிறது. தைராய்டு மிகையானால் கொத்துகிறவர், பூசுகிறவர் இருவருமே வேகமெடுக்கிறார்கள். ஆனால் கொத்துகிறவர் முந்திவிடுகிறார். சுமார் 200 நாள் பிடிக்கும் ஒரு சுற்று ஏறக்குறைய பாதி நாளில் முடிந்து, சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் எலும்பு பாக்கி விழுகிறது. தைராய்டு குறைந்தாலோ இருவருமே அசமந்தம். சுற்று ஒரு வருடத்தையும் தாண்டும்.

இரண்டு வேலையும் சொல்லில் தெரியவேண்டும். அதனால் ‘சிதைவாக்கம்’ என்கிறேன்: சிதைவும் ஆக்கமும், உம்மைத்தொகை. பிரித்தால் சோதனைகளுக்கும் பெயர் கிடைக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் சிடிஎக்ஸ், எலும்பு கரையும்போது அறுந்துவரும் கொலாஜன் புரதத் துணுக்கு, அது சிதைவுகாட்டி. எலும்பு உருவாகும்போது ரத்தத்தில் சேரும் பி1என்பி, ஆஸ்டியோகால்சின் இரண்டும் ஆக்கங்காட்டி (நிறங்காட்டி போல). அகராதியை நம்பி ‘எலும்பு விற்றுமுதல்’ என்று எழுதிய ஒரு மொழிபெயர்ப்பு என்னிடம் திருத்தத்துக்கு வந்தது. எலும்புக்கடை வைத்த மாதிரி!

இந்தப் பிரிப்பு ஏன் முக்கியம் என்றால், தைராய்டு மிகையைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை சாப்பிட்டு ஹார்மோன் அளவு சரியான பிறகும், ஈரலிலும் எலும்பிலும் உண்டாகும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி சில மாதங்கள் உயர்ந்தே இருக்கலாம், முன்பைவிட ஏறவும் செய்யலாம். ஈரலுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று வீட்டில் பதறுவார்கள். ஈரல் நொதியான ஜிஜிடி இயல்பாக இருந்தால் பெரும்பாலும் அது பூசுகிறவர் பாக்கி வேலையை முடிப்பதுதான். ‘எலும்புக் குறிப்பான் உயர்வு’ என்று எழுதினால் நோய் முற்றியதாகப் படும். ‘ஆக்கங்காட்டி உயர்வு’ என்றால் விஷயம் புரிந்துவிடும்.

அப்புறம், வைட்டமின் டி-யை இந்தப் பட்டியலில் சேர்க்கவேண்டாம். அது சரக்கு இருப்புக் கணக்கு. ரத்தத்தில் அளக்கும் வடிவமான 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே போனால் பொதுவாகப் பற்றாக்குறை என்பார்கள். அப்போது ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் பாராதைராய்டு ஹார்மோன் ஏறி, கொத்துவேலைக்கு இன்னும் ஆள் சேர்க்கும். ‘வைட்டமின் டி இருப்பு’ என்றே எழுதலாம்.

‘சிதைவாக்கம்’ காதில் ‘சிதைய வைப்பது’ போல விழுகிறது என்று நேற்று ஒரு அம்மா எழுதியிருந்தார். நியாயம்தான். ‘ஆக்கச்சிதைவு’ என்று திருப்பிப் போட்டால் இன்னும் மோசம். வேறு சொல் இருந்தால் தாருங்கள், பிரித்தாலும் பொருள் நிற்கவேண்டும்.